நரம்பு வளரும் வேகமும் நாம் அரைக்கும் மூலிகையும்

மேற்கை எலும்பின் பின்புறத்தில் சாய்வாக ஒரு பள்ளம் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தில் எலும்பை ஒட்டியபடியே, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு முன்கைக்கு வருவதால், எலும்பு அந்த இடத்தில் முறிந்தால் நரம்பும் நசுங்கவோ இழுபடவோ நிறைய வாய்ப்பு உண்டு. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர் வரும் சாலையில், மழை விட்ட ஒரு மாலையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்த எனக்கு நேர்ந்தது அதுதான். எலும்பு ஒழுங்காகவே கூடியது. ஆனால் வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. விரல்களை மடக்க முடிந்தது, நிமிர்த்த முடியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கைத் தோல் மரத்துக் கிடந்தது.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பிக்கிறேன். அதனால் கையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மூலிகை பற்றித்தான் பேசினார்கள். வல்லாரை, அமுக்கரா, மஞ்சளும் மிளகும் போட்ட பால், நொச்சி இலை ஒத்தடம், முடக்கத்தான் தோசை, ஊர்ப்பக்கத்துப் பச்சிலைக் கட்டு என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது. சொன்னவர்கள் யாரையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. படுக்கையில் நேரம் நிறைய இருந்ததால், ஒவ்வொரு செடியிலும் உள்ள எந்தப் பொருள் நரம்புக்கு என்ன செய்கிறது, அது யாரிடம் சோதிக்கப்பட்டது, வாயில் போட்டால் நரம்புவரை போய்ச் சேருமா என்று தேடிப் படித்தேன். படித்ததும் கையில் பார்த்ததும் சேர்ந்ததே இந்தக் கட்டுரை. நசுங்கிய நரம்பு தன்னுடைய வேகத்தில்தான் வளர்கிறது. செடியிலிருந்து வரும் பொருள்களுக்கு அதன் பக்கத்தில் சில பயனுள்ள வேலைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி நாள்காட்டியைப் பார்க்காமல் விட்டால் கை போய்விடும். நான் சொல்ல வருவது இவ்வளவே. இதற்கான விவரங்கள்தான் நீளமானவை.

முதலில் மணிக்கட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலரும் இதை விரல் பலவீனம் என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். உங்கள் மணிக்கட்டைக் கீழ்நோக்கி முழுவதும் மடக்கி வைத்துக்கொண்டு முட்டியை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், இறுக்கமே வராது. மணிக்கட்டைச் சற்று நிமிர்த்தினால் அதே விரல்களுக்குப் பிடி வந்துவிடும். தோசைத் திருப்பியைப் பிடிக்கவும், சாக்பீஸால் அழுத்தி எழுதவும், டம்ளரை மேசையில் வைத்துவிட்டு விரலை விடுவிக்கவும் மணிக்கட்டு நிமிர்ந்து நிற்கவேண்டும். எனக்குக் கோலம் போடுவதுதான் அறவே முடியாமல் போயிற்று. மாவைக் கிள்ளி எடுக்க முடியும், அதை விரல்களிலிருந்து அளவாக விட முடியாது. மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் காக்-அப் ஸ்பிளிண்ட்டை மாட்டிய அன்றே பேனா பிடிக்க முடிந்தது. நரம்பில் எந்த மாற்றமும் நடக்கவில்லை, ஆனால் கை பாதி திரும்பி வந்தது. இந்தக் காயத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் வாங்கலாம் என்றால் அந்த ஸ்பிளிண்ட்டைத்தான் வாங்கச் சொல்வேன்.

இனி நரம்பு எப்படி மீள்கிறது என்பதற்கு வருவோம். 1850இல் ஆகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிவிட்டு, வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி சிதைவதைக் கண்டு எழுதினார். நசுங்கிய இடத்துக்குக் கீழே உள்ள நரம்பிழைகள் அழிந்து, அந்தக் குப்பையை, நரம்பிழைக்கு உறையிடும் ஷ்வான் செல்களும் வெள்ளணுக்களும் அப்புறப்படுத்திய பிறகு, ஷ்வான் செல்கள் வரிசையாக நின்று வெற்றுக் குழாய்போல ஒரு தடத்தை அமைக்கின்றன. மேலே உயிரோடு இருக்கும் நரம்பிழை அந்தத் தடத்துக்குள் நுனி நீட்டி வளர்கிறது. மனிதரில் அதன் வேகம் தோராயமாக நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு 3 சென்டிமீட்டர். முறிந்த இடத்திலிருந்து மணிக்கட்டை நிமிர்த்தும் தசை 10 அல்லது 12 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், மூன்று நான்கு மாதங்களுக்கு முன் அங்கே எதையும் எதிர்பார்ப்பதில் பொருளில்லை. விரல்களை நிமிர்த்தும் தசைகள் இன்னும் கீழே இருப்பதால் அவற்றுக்கு அதற்கும் மேல் ஆகும்.

எல்லாக் காயமும் ஒன்றல்ல. 1943இல் செடான் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் மூன்று நிலைகளாகப் பிரித்தது இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. முதல் நிலையில் நரம்பிழை அறுபடவில்லை, அதைச் சுற்றியுள்ள உறை மட்டும் பழுதாகியிருக்கும். சில வாரங்களில் சரியாகிவிடும். இரண்டாவதில் இழை அறுந்திருக்கும், ஆனால் தடம் குலையாமல் இருக்கும்; மேலே சொன்ன வேகத்தில் வளர்ந்து வரும். மூன்றாவதில் நரம்பே துண்டாகியிருக்கும், தைத்தாலொழிய வராது. மேற்கை எலும்பு முறிவோடு வரும் ரேடியல் நரம்புச் செயலிழப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகளைச் சேர்ந்தது. வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பத்துப் பேரில் ஏழு பேருக்கு அறுவை இல்லாமல் தானாகவே மீண்டுவருகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் ஊர்க் கதைகள் எனக்கு விளங்கின. கை தொங்கி, பச்சிலை கட்டி, மூன்றாம் மாதம் கை எழுந்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் பலர் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. பத்தில் ஏழு பேருக்கு எப்படியும் வரப்போகிற ஒன்றுக்கு முன்னால் எதைக் கட்டினாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். மீதி மூன்று பேர் கதை சொல்ல வருவதில்லை. ஒரு செடிப்பொருள் நரம்புக்கு நல்லது என்று தெரிந்துகொள்ள, அதைச் சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. எலிகளில் அப்படிப் பார்த்த ஆய்வுகள் நிறைய. மனிதரில் மிகச் சொற்பம்.

வல்லாரையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் படித்ததுதான் அதிகம். கை தொங்கிய வாரத்திலேயே அத்தை, “வல்லாரை நரம்புக்குத்தாம்மா, தெனம் ஒரு கைப்பிடி அரைச்சுத் தரேன், தட்டாம சாப்பிடு” என்று சொல்லிவிட்டார். வல்லாரையில் ஆசியாட்டிகோசைடு, மெடகாசோசைடு, ஆசியாட்டிக் அமிலம் என்ற டிரைடெர்பீன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு நசுக்கப்பட்ட எலிகளுக்கு வல்லாரைச் சாரத்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது, கொடுக்காத எலிகளைவிட நடை விரைவாகத் திரும்பியது. உறையிட்ட நரம்பிழைகளும் கூடுதலாக இருந்தன. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கொடுத்தது ஆல்கஹாலில் எடுத்த சாரம், எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அளவில். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற வழக்கமாக 6.2ஆல் வகுப்பார்கள், அந்தக் கணக்கில் 60 கிலோ எடையுள்ள எனக்கு நாளுக்கு ஏறக்குறைய 3 கிராம் வற்றிய சாரம் வேண்டும். அது இலை அல்ல. இலையைக் காயவைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்த பிறகு மிஞ்சும் பொருள். அதே ஆய்வில் வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்புச் செல்களின் மேல் தண்ணீரில் எடுத்த சாரம் வேலை செய்யவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஆசியாட்டிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாத பொருள். ஆகவே வல்லாரைக் கஷாயத்தை இந்த ஆய்வின் பெயரால் விற்பவர் ஆய்வைப் படித்தவரல்லர்.

எலியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அதன் கால் நரம்பு வளரவேண்டிய தூரம் சில சென்டிமீட்டர்தான். நசுக்கிய நரம்பு மருந்தில்லாமலே சில வாரங்களில் மீண்டுவிடும். அங்கே “விரைந்தது” என்றால் சில நாள் முந்தியது என்று பொருள். முழங்கைக்கு மேல் அடிபட்டு விரல் நுனிவரை போகவேண்டிய மனித நரம்புக்கு அதே முந்தல் கிடைக்குமா என்பதை எலி சொல்லாது. வல்லாரைத் துவையலை நான் ஒதுக்கவில்லை. தேங்காயும் புளியும் உளுத்தம்பருப்பும் வறுத்து அத்தை அரைக்கும் துவையல், நரம்பைப் பற்றிய எந்தக் கணக்கும் இல்லாமலே சோற்றுக்கு நன்றாக இருந்தது.

மஞ்சளில் எங்கள் வீட்டுக்குத் தனி உரிமை உண்டு. தம்பி பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சள் வைக்கிறான். வேகவைத்து, உலர்த்தி, டிரம்மில் போட்டு மெருகேற்றி விரலியும் கிழங்கும் தனித்தனியாக மூட்டை கட்டி அனுப்புகிறான். “நம்ம காட்டு மஞ்சளே இருக்கறப்ப கேப்சூல் எதுக்குக்கா?” என்று அவன் கேட்டதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லவேண்டியிருந்தது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அதில் தோராயமாக 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம்கூட இருக்காது. அதிலும் குடலில் இறங்குவது கொஞ்சம், இறங்கியதைக் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. 1998இல் பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், 2 கிராம் குர்குமினைத் தனியாகச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது கண்டறிய முடியாத அளவில் அல்லது மிகக் குறைவாகவே இருந்தது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் கூடியது. மஞ்சளோடு மிளகு சேர்க்கும் பழக்கத்துக்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஒன்றுமில்லாத ஒன்று இருபது மடங்கு கூடினாலும் எவ்வளவு ஆகும் என்பதை யாரும் கேட்பதில்லை. நரம்பு நசுங்கிய எலிகளில் குர்குமின் அழற்சியைக் குறைத்து மீட்சிக்கு உதவியதாகப் பல ஆய்வுகள் உண்டு. அறுந்த அல்லது நசுங்கிய மனித நரம்பை அது விரைவுபடுத்தியதாக நம்பத்தக்க சோதனை எதுவும் என் கண்ணில் படவில்லை.

இரண்டாவது பதில் தம்பிக்கு வியப்பாக இருந்தது. பைப்பரின் குர்குமினை மட்டும் உடலில் தங்கவைப்பதில்லை. கல்லீரலும் குடலும் மருந்துகளைச் சிதைக்கும் வழியையே அடைக்கிறது. வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவருக்கு, பைப்பரின் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் குர்குமின் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது; அறுவை நிச்சயமானவர்கள் எந்த மூலிகை மாத்திரை சாப்பிட்டாலும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். உறிஞ்சுதிறன் கூட்டிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்ததாக இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவுகள் இருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாது.

மஞ்சளோடு சேர்ந்த ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பளிச்சென்று தெரிய மெருகேற்றும்போது ஈயக் குரோமேட் தூவும் பழக்கம் வங்கதேசத்தில் இருந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஈயம் உடலில் சேர்ந்தால் புற நரம்புகள் கெடும். அதன் பழைய, பாடநூலில் வரும் அடையாளமே மணிக்கட்டுத் தொங்கல். நரம்புக்கு என்று வாங்கிச் சாப்பிடும் தூளே மணிக்கட்டைத் தொங்கவிடக்கூடும் என்பதால், கண்ணைப் பறிக்கும் மஞ்சளைக் கண்டால் நான் வாங்குவதில்லை. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது. ஆர்சனிக்கும் நரம்பைக் கெடுப்பதுதான். சீட்டு ஒட்டாத பொட்டலத்தில் தரும் “நரம்புச் சூரணம்” எதையும், கொடுப்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், வாங்கி மேசையில் வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். அத்தகைய பொடிகளில் வலியைச் சட்டென்று அடக்க ஸ்டீராய்டு கலப்பதும் நடக்கிறது.

அமுக்கராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதிலுள்ள வித்தனோலைடுகள் என்ற பொருள்கள் தட்டில் வளரும் நரம்புச் செல்களில் இழை நீளச் செய்கின்றன. மனிதரில் தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் சிறிய சோதனைகள் இருக்கின்றன. புற நரம்புக் காயத்துக்கு இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தவிர்க்கவேண்டியது. சேலம் பக்கம் ஒப்பந்தச் சாகுபடியில் விளையும் மருந்துக் கூர்க்கனில் இருந்து எடுக்கும் ஃபோர்ஸ்கோலின், ஆய்வகத்தில் ஷ்வான் செல்களைப் பெருக்கும் வளர்ப்பு நீரில் அன்றாடம் சேர்க்கப்படுவது. ஒரு தாவரவியல்காரிக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் தட்டில் ஊற்றுவதும் வாயில் போடுவதும் வேறு வேறு. வாயில் போட்டால் ரத்த அழுத்தம் இறங்கும்.

செடியென்றால் நரம்புக்கு நல்லதே செய்யும் என்ற எண்ணத்தை வகுப்பில் உடைக்க நான் பயன்படுத்தும் இரண்டு பூக்கள் இருக்கின்றன. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், 1963 முதல் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. அதைப் பெறும் குழந்தைகளுக்கு விரல் மரத்துப்போவதும் பாதம் தொங்குவதும் தெரிந்த பக்கவிளைவு. நரம்பிழைக்குள்ளே பொருள்களைச் சுமந்து செல்லும் தண்டவாளம் போன்ற நுண்குழல்களை அது குலைத்துவிடுகிறது. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசினும் அதே நுண்குழல்களைத்தான் பிடிக்கிறது. அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து, நீண்ட நாள் எடுப்பவர்களுக்குத் தசையும் நரம்பும் நலிவதுண்டு. நித்தியகல்யாணிப் பூவைச் சர்க்கரைக்கு என்று கொதிக்கவைத்துக் குடிப்பவர்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். பூவில் உள்ள வின்கிரிஸ்டின் மிகச் சொற்பம்தான். என்றாலும் சர்க்கரையால் ஏற்கெனவே நரம்பு நலிந்தவர் தினமும் குடிக்கத் தேர்ந்தெடுக்கவேண்டிய செடி அதுவல்ல.

செடிப்பொருள்களில் மனித நரம்பு வலிக்கு ஒழுங்கான சோதனைகளைத் தாண்டி வந்தது மிளகாயின் கேப்சைசின். அது நரம்பை வளர்ப்பதில்லை. தோலில் உள்ள வலி நுனிகளைச் சில காலம் செயலிழக்கச் செய்து எரிச்சலை அடக்குகிறது. காரமும் சூடும் நரம்பு நுனியில் ஒரே வாயிலில் நுழைகின்றன என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டதும், அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்ததும் பலருக்கும் நினைவிருக்கும். 8 சதவீத கேப்சைசின் ஒட்டுப்பட்டைக்கு அமெரிக்காவில் 2009இல் அக்கிக்குப் பிந்தைய வலிக்கும், 2020இல் சர்க்கரை நோயாளிகளின் பாத வலிக்கும் அனுமதி கிடைத்தது. மருத்துவமனையில் வைத்து, குறித்த நேரம் மட்டும் ஒட்டி எடுப்பார்கள். கடையில் கிடைக்கும் களிம்பு 0.025 அல்லது 0.075 சதவீதம்தான். அதைத் தொடர்ந்து சில வாரங்கள் போட்டால்தான் பலன் தெரியும்; போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணில் வைத்தால் அந்த நாள் வீணாகிவிடும். புண்ணுள்ள பாதத்தில் போடக்கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் மிளகாய் அரைத்துப் பூசிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் களிம்பைப் பற்றி விசாரித்தவர் காரிமங்கலத்து மாமா. பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரவில் பாதம் எரிகிறது என்று மஞ்சள் மிளகு கேப்சூலை வாங்கிவைத்திருந்தார். அவர் சைவம், பாலும் மோரும்கூட அளவோடுதான். நான் கேப்சூலை விட்டுவிட்டு பி12 பரிசோதனை செய்யச் சொன்னேன். அளவு மிகவும் குறைவாக வந்தது. மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்குக் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறைகிறது என்பது உறுதிப்பட்ட செய்தி. மெட்ஃபார்மினின் மூதாதையே ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற அவரைக் குடும்பச் செடியின் வேதிப்பொருள்தான் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நரம்பின் உறைக்கு இன்றியமையாத பி12ஐ எந்தக் கீரையும் எந்த மூலிகையும் தருவதில்லை. அது நுண்ணுயிர்கள் ஆக்கி, பால், முட்டை, மீன், இறைச்சி வழியாக நமக்கு வருவது. நரம்புக்கு மூலிகை தேடும் ஒருவர் முதலில் பார்த்துக்கொள்ளவேண்டிய ஊட்டம் செடியில் இல்லாதது. மாமாவுக்கு ஊசியும் மாத்திரையும் தொடங்கினார்கள், சர்க்கரையையும் இறுக்கிப் பிடித்தார்கள்; எரிச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை. ஒரு எச்சரிக்கையும் தேவை: பி12 தீங்கில்லாதது என்பதற்காகப் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளை அடுக்கடுக்காகப் போடக்கூடாது, அவற்றிலுள்ள பி6 அளவு மீறினால் அதுவே நரம்பை மரக்கச் செய்யும்.

பூசுவதும் கட்டுவதும் சாப்பிடுவதைவிட விரைவாகக் கெடுதல் செய்யக்கூடியவை. நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கும்போது, மரத்த தோலுக்குச் சூடு தெரியாது; கொப்புளம் கிளம்பிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். முடிச்சை முதலில் இடது கையின் உள்பக்கத்தில் வைத்து, அது தாங்கும் சூட்டிலும் குறைந்த சூட்டில்தான் வலது கைக்கு ஒத்தடம் வைக்க விட்டேன். வலியுள்ள தோள்பட்டைக்கு அது சுகமாக இருந்தது. மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்து இறுக்கும் கட்டை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாக முறிந்த கை வீங்கும், வீங்கும் கையை இறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போகாது. விரல் நீலமாவதும், கட்டிய பிறகு வலி தாங்கமுடியாமல் ஏறுவதும், விரலை மற்றவர் நீட்டினால் உயிர் போவதும் மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடாத அறிகுறிகள். கட்டை உடனே பிரித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

நான் பின்பற்றிய நாள்காட்டி இதுதான். அடிபட்ட உடனே நரம்புக் கடத்தல் சோதனை எடுப்பதில் பயனில்லை, ஏனென்றால் அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி சில நாள்கள்வரை மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். மூன்று நான்கு வாரங்கள் கழித்து எடுத்தால்தான் காயத்தின் நிலை தெரியும். மூன்று நான்கு மாதங்களுக்குள் தசையில் அசைவோ சோதனையில் மீட்சியின் அறிகுறியோ இல்லையென்றால், திறந்து பார்ப்பதைப் பற்றிப் பேசவேண்டும். கண்ணாடியோ கத்தியோ வெட்டி, கை உடனே தொங்கியிருந்தால் காத்திருப்பதற்கே இடமில்லை; நரம்பு அறுந்ததாகவே கொண்டு சீக்கிரம் தைக்கவேண்டும். நரம்பு வந்து சேராத தசை 12 முதல் 18 மாதங்களுக்குள் மீளமுடியாதபடி மாறிவிடுவதால், வளர எடுக்கும் மாதங்களையும் கழித்துத்தான் கணக்குப் போடவேண்டும். பிசியோதெரபி அறையில், காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை செய்த ஒருவரைச் சந்தித்தேன். தகரம் வெட்டி நரம்பு அறுந்ததை எண்ணெய் நீவலிலும் கஷாயத்திலும் ஓராண்டுக்கு மேல் பார்த்துவிட்டு வந்திருந்தார். நரம்பைத் தைக்கும் காலம் கடந்துவிட்டது. முன்கையைத் திருப்பும் ஒரு தசையின் நாணை எடுத்து, மணிக்கட்டை நிமிர்த்தும் தசையின் நாணோடு இணைக்கும் அறுவையைச் செய்திருந்தார்கள். அதனால் அவரால் தூக்குவாளியைப் பிடிக்க முடிந்தது. காலம் கடந்துவிட்டது என்று கேட்டவர்களும் இந்த வழி இருப்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

மாதக்கணக்கில் எதுவும் தெரியாமல் காத்திருப்பது கடினம்; அதற்கு உதவியது ஒரு விரல் தட்டு. நரம்பு போகும் வழியில் மெதுவாகத் தட்டினால், வளரும் நுனி இருக்கும் இடத்தில் மின்னல்போலக் கூச்சம் புறங்கைக்கு ஓடும். 1915இல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் போரில் காயம்பட்டவர்களிடம் கண்டு எழுதியது. மருத்துவர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அடுத்த முறை போனபோது கூச்சம் கோட்டுக்குக் கீழே நகர்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள், முட்டியைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே வைத்து முழங்கையை மடக்கியபோது, முன்கையின் மேல்விளிம்பில் ஒரு தசை கயிறுபோலப் புடைத்தது. மணிக்கட்டு இன்னும் தொங்கித்தான் கிடந்தது. ஆனால் ரேடியல் நரம்பு முதலில் போய்ச் சேரும் தசைகளில் ஒன்று அது என்பதால் மருத்துவர் அன்றைக்கே அறுவைப் பேச்சை ஒத்திவைத்தார். பிறகு மணிக்கட்டு, பிறகு விரல்கள், கடைசியில் கட்டைவிரல் என்ற வரிசையில் வந்தது. கட்டைவிரல் இன்றும் குளிர்காலக் காலைகளில் சோம்புகிறது. அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் இடது கையால் வலது மணிக்கட்டையும் ஒவ்வொரு விரலையும் முழுவதும் நிமிர்த்தி மடக்கிவிடுவதைத் தவறவிடவில்லை, ஏனென்றால் நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிக் கிடந்தால் வந்தும் பயனில்லை.

நரம்புக்கு மூலிகை என்று இப்போது என்னிடம் கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: காயம் நசுங்கலா வெட்டா, எத்தனை மாதம் ஆயிற்று, சர்க்கரையும் பி12உம் எவ்வளவு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இருக்கின்றனவா. புகை பிடிப்பவரென்றால் அதையும் நிறுத்தச் சொல்கிறேன், நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நரம்பு வளர்ச்சிக்கு அது நேரடித் தடை. இவற்றுக்குப் பதில் சொன்ன பிறகும் வல்லாரை சாப்பிடலாமா என்று கேட்பவரிடம், துவையலாகத் தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரையாக என்றால் மருத்துவரிடம் பெயரைக் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள் என்கிறேன். மூன்று மாதம் தாண்டியும் தசை அசையவில்லை என்பவரிடம் மட்டும் மூலிகையைப் பற்றிப் பேசுவதில்லை. எந்தக் கிழமையில் நரம்பு அறுவை மருத்துவர் புறநோயாளிகளைப் பார்க்கிறார் என்பதை விசாரித்து, அன்றைக்கே போகச் சொல்லி அனுப்புகிறேன்.